கப்பல் வெள்ளியும் அம்மாவின் சர்ட்டிபிகேட்டும்

தீப்பெட்டியில் பாதி அளவுதான் இருக்கும் அந்த வெள்ளிக் கட்டி. ஒரு பக்கம் பாய் விரித்த கப்பல், மறுபக்கம் ஒரு எண். அதை முதன்முதலாக என் உள்ளங்கையில் வைத்தபோது, என் வியர்வை படக்கூடாது என்று சார் நடுவில் ஒரு கைக்குட்டையை விரித்திருந்தார். "முந்நூறு வருஷம் கடலுக்கடியில கிடந்தது. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி உங்க ஆளுங்க யாரு, எங்க இருந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "இதுக்குத் தெரியும். பேப்பர் இருக்கு," என்று கட்டியோடு வந்திருந்த சான்றிதழை எடுத்துக் காட்டினார். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அவமானமாக இருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அந்தச் சான்றிதழின் ஆங்கிலத்தை நான் மனத்துக்குள் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லிலும் தடுக்கவில்லை. அந்தப் பெருமையில் அவர் கேட்ட கேள்வி எனக்கு உறைக்கவே இல்லை.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த எங்கள் சந்திலிருந்து காக்ஸ் டவுனுக்கு அம்மா தினமும் நடந்தே போவாள். அங்கே மூன்று வீடுகளில் வேலை. சாரின் வீட்டில்தான் அதிக நாள், பதினோரு வருடம். சார், கப்பல் சரக்குகளுக்குக் காப்பீடு செய்யும் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அம்மா அவருக்கு 'ஏய், இந்தா'. நான் 'காலேஜ்'. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா பொம்மசந்திராவில் ஒரு பம்பு கம்பெனியில் பாரம் தூக்கினார். கையெழுத்து கேட்டால் அப்பாவும் அம்மாவும் கட்டை விரலை நீட்டுவார்கள். நான் பேனாவை எடுப்பேன். அந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு நான் எங்கள் சந்தில் நடந்த நடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வேலையில் இருந்த முப்பது வருடமும் மூழ்கிப்போன சரக்கைப் பற்றிக் காகிதம் எழுதியே கழிந்தது என்பார் சார். "போனதைப் பத்தியே எழுதிட்டிருந்தேன். இப்ப திரும்பி வந்ததைச் சேர்க்கிறேன்." பழைய கப்பல்கள் கிடக்கும் இடத்தில் ஆட்கள் மூழ்கி வெள்ளிக் காசுகளை அள்ளி வருவார்களாம். முகம் தெரிகிற காசு காசாகவே விலை போகும். உப்பு தின்று, ஒன்றோடொன்று ஒட்டி, அடையாளம் அழிந்துபோனவற்றை உருக்கிச் சின்னக் கட்டிகளாக வார்ப்பார்கள். எந்தக் கப்பல், எந்தக் கடல், எத்தனை ஆழம் என்று எழுதிய சான்றிதழோடு விற்பார்கள். வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடமிருந்து அவை சாருக்குப் பதிவுத் தபாலில் வரும். அப்படி முப்பத்தொரு கட்டிகள் அவருடைய கண்ணாடி அலமாரியில் இருந்தன. நாளாக ஆக அவை கறுத்தன. அந்தக் கறுப்பைக் கடலின் நிறம் என்று சார் நம்பினார், துடைக்க விடமாட்டார். வார்த்து ஏழெட்டு வருடம்கூட ஆகாத வெள்ளியில் கடல் எங்கிருந்து வந்து ஒட்டும்? அது காக்ஸ் டவுன் காற்று. எனக்கு அப்போதே இது தோன்றியது. சொன்னால் அந்த வேலை போய்விடும் என்பதும் சேர்ந்தே தோன்றியது.

வேலை இதுதான்: சாருக்குக் கை நடுங்கும், கண்ணில் புரை வளர்ந்திருந்தது. ஒவ்வொரு கட்டிக்கும் அடியில் வைக்கும் சின்ன அட்டையில் ஆங்கிலத்தில் விவரம் எழுத ஒரு நல்ல கையெழுத்து வேண்டியிருந்தது. "என் பொண்ணு முத்து முத்தா எழுதுவா சார்," என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை மதியம் நான் அவருடைய மேசையில் உட்கார்ந்து எழுதுவேன், அம்மா பின்கட்டில் பாத்திரம் தேய்ப்பாள். வேலை முடிந்து தலைத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்று பார்ப்பாள். உள்ளே வரமாட்டாள். சார் சொல்லும் கடிதங்களையும் நான்தான் எழுதுவேன், கீழே கார்பன் வைத்து. பிழையில்லாமல் எழுதிவிட்டால் "உன் அம்மாவுக்குப் பிறந்தவதானா நீ?" என்பார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன், அம்மா வாசலில் நிற்கும்போதே.

காக்ஸ் டவுனில் பழைய சமையல்காரர்களிடமும் ஆயாக்களிடமும் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்த வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருப்பார்கள். புது வீட்டில் வேலை கேட்டுப் போனால், பேசுவதற்கு முன் அந்த உறையை நீட்டுவார்கள். அம்மாவிடம் அப்படி ஒன்று இல்லை. அது அவளுக்குப் பெரிய குறை. "தண்ணியில கெடந்த வெள்ளிக்கே பேப்பர் குடுக்கறாங்க. நானும் பதினோரு வருஷமா தண்ணியிலதான் கைய வெச்சிட்டிருக்கேன். எனக்கு ஒண்ணு எழுதிக் குடுக்கச் சொல்லேன் உங்க சார," என்று ஒருநாள் நடந்து வரும்போது சொன்னாள். கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. சாருக்கு எதிரில் உட்கார்ந்து எழுதுகிற நான், வேலைக்காரிக்காகச் சான்று கேட்பதா என்று இருந்தது.

நான் பி.காம். கடைசி வருடம் படித்தபோது, டிசம்பரில் சார் கண் அறுவைக்காக வேலூருக்குப் போனார். ஜனவரியில் சேகரிப்பாளர் சங்கத்தின் கண்காட்சி. அதில் தன் கட்டிகளை முதன்முறையாக வைக்கப்போகிறார். அதற்குள் மிச்ச அட்டைகளை எழுதி முடி என்று அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். வீட்டுச் சாவி அம்மாவிடம். ஒரு காலையில், நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றாள். சாருக்குப் புதுக் கண் வரப்போகிறது, வந்ததும் முதலில் அலமாரியைத்தான் பார்ப்பார், அவ்வளவு வெள்ளியும் இழவு வீட்டு விளக்கு மாதிரி கறுத்துக் கிடக்கிறது, தேய்த்து வைக்கட்டுமா என்று கேட்டாள். எனக்குத் துடைக்கக் கூடாது என்பது தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். ஆனால் அன்று மதியம் தேர்வு, அவள் பேச்சை நிறுத்தினால் போதும் என்றிருந்தது. தலையை நிமிர்த்தாமல் பையிலிருந்து சாவியை எடுத்துப் போட்டேன். "செய்ம்மா, என்னவோ செய்."

அம்மாவுக்குத் தெரிந்த முறையில் செய்தாள். புளியில் ஊறவைத்து, கோயில் விபூதியைத் தொட்டு, தேங்காய் நாரால் தேய்த்தாள். மூன்று நாள், முப்பத்தொரு கட்டிகள். சாயங்காலம் வந்து, நாலு கட்டி மட்டும் தேய்க்கத் தேய்க்க ஓரத்தில் சிவப்பாகிறது, உள்ளே செம்பு போல இருக்கிறது என்றாள். நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. 'உம்' கொட்டினேன்.

கண் கட்டைப் பிரித்துக்கொண்டு வந்த சார் அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார். நான் அட்டைகளோடு பக்கத்தில் நின்றேன், அம்மா அன்றைக்கும் வாசலில். கட்டிகள் பளபளத்தன. கப்பலின் பாய்களிலும் எண்களின் பள்ளங்களிலும் விபூதி வெள்ளையாக அடைந்திருந்தது. "என் கப்பலுக்குப் பட்டை போட்டு வெச்சிருக்கா," என்றார். குரலில் கோபமே இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது. பிறகு ஓரம் சிவந்திருந்த அந்த நாலு கட்டிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸில் பார்த்தார். எண்களை அட்டையோடும் சான்றிதழோடும் ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகப் பொருந்தின. அப்படிப் பொருந்தும் முத்திரையைச் சிவாஜிநகர் சந்தில் வாழும் ஒருத்தியால் செம்பில் அடித்துக் கொண்டுவர முடியாது, தபாலில் வந்ததே அப்படித்தான் என்பது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. லென்ஸை எடுத்துவிட்டு ஒரு முறை என் முகத்தைப் பார்த்தார், எனக்கும் தெரிகிறதா என்று பார்ப்பதுபோல. நான் தரையைப் பார்த்தேன். அதுதான் அவருக்குத் தேவைப்பட்ட பதில்.

"மாத்திட்டா," என்றார்.

"சுள்ளு சொல்லல சார், பொய்யில்ல. தேய்க்கத் தேய்க்க உள்ளேர்ந்து செம்புதான் வந்துச்சு. கேளுங்க, பாப்பாகிட்ட அன்னைக்கே சொன்னேன்," என்றாள் அம்மா.

அவர் என்னிடம் அதைக் கேட்கவில்லை. சாவி உன்னிடம்தானே இருந்தது என்று மட்டும் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "இவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். தூங்கறப்போ பையிலேர்ந்து நான்தான் எடுத்தேன்." என்னைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய் அது. அந்த ஒரு பொய் இல்லாமல் அவளைத் திருடி ஆக்கியிருக்க முடியாது.

அம்மாவைப் பின்கட்டுக்குப் போகச் சொல்லிவிட்டுச் சார் உட்கார்ந்தார். "இன்னைக்கு ரெண்டு லெட்டர் எழுதணும், காலேஜ். முதல்ல சங்கத்துக்கு. ரெண்டாவது பொம்மசந்திராவுல என் பழைய ஜூனியர் ஒருத்தன் ஆபீஸ் நடத்துறான், அவனுக்கு. உனக்காக." மிரட்டவில்லை. வரிசையை மட்டும் சொன்னார். நான் கார்பனை வைத்து எழுத ஆரம்பித்தேன். பதினோரு வருடம் நம்பி வைத்திருந்த வேலைக்காரி, மகள் தூங்கும்போது சாவியைத் திருடி, நான்கு கட்டிகளை எடுத்துக்கொண்டு செம்பு போலிகளை வைத்துவிட்டாள், ஒப்புக்கொண்டுவிட்டாள், இரக்கப்பட்டு போலீசுக்குப் போகவில்லை, அந்த நான்கைத் தவிர மற்றவை கண்காட்சியில் இடம்பெறும் என்பது கடிதம். 'ஒப்புக்கொண்டாள்' என்பதற்கு அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லில் எனக்கு ஒரு எழுத்து சந்தேகம் வந்தது. அகராதியைப் பார்த்துச் சரியாக எழுதினேன்.

கைநாட்டு வைக்க அம்மாவைக் கூப்பிட்டார். சார் உள்ளே இருக்கும்போது அவள் அந்த அறைக்குள் வந்தது அன்றைக்குத்தான். "இன்னா எழுதியிருக்குது பாப்பா?" என்று என்னைக் கேட்டாள். நீ சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன், தேய்த்ததும் செம்பு வந்ததும் என்றேன். "நல்லா எழுதினியா?" என்றாள். நல்லா எழுதியிருக்கேம்மா என்றேன். மை தடவிய கட்டை விரலை இரண்டு தாளிலும் அழுத்தி வைத்தாள். காய்வதற்கு வாயால் ஊதினாள். பிறகு தயங்கித் தயங்கி, இனிமேல் வேலைக்கு வரவேண்டாம் என்றால் அந்தக் காப்பி தாளை எனக்குக் கொடுப்பீர்களா சார், பாப்பா கையெழுத்தில் இருக்கிறது, என் கையும் இருக்கிறது என்று கேட்டாள். சார் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "குடு, காலேஜ். அவளுக்கும் ஒரு சர்ட்டிபிகேட் இருக்கட்டும்."

கொடுத்தேன். பிறகு இரண்டாவது கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

கண்காட்சி நன்றாக நடந்தது. சங்கத்துக்காரர்கள் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாரிடம் துக்கம் விசாரித்தார்கள். ஒருவர் அட்டைகளைக் குனிந்து பார்த்து, யாருடைய கையெழுத்து என்று கேட்டார். சார் என்னைக் காட்டினார். அந்தப் புகழ்ச்சி எனக்கு இனித்தது. இனிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.

அம்மாவுக்கு மற்ற இரண்டு வீடுகளிலும் ஒரே வாரத்தில் வேலை நின்றது. பேச்சு அப்படிப் பரவும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் போனது வேறொன்று. அம்மா அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, புது வீடுகளில் வேலை கேட்கும்போதெல்லாம் எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். கதவைத் திறப்பார்கள், சிரித்துப் பேசுவார்கள், தாளை வாங்கிப் படிப்பார்கள், ஆள் வேண்டாம் என்பார்கள். "படிக்கற வரைக்கும் நல்லாத்தான் பேசறாங்க பாப்பா. படிச்சப்புறம் முகமே மாறிப்போவுது. இங்கிலீசு ரொம்ப ஒசத்தியா எழுதிட்டியா? சம்பளம் அதிகமா கேப்பேன்னு பயப்படறாங்களோ?" என்று இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே கேட்டாள். என் கடைசித் தேர்வு முடியும்வரை, ஐந்து மாதமாக அப்படி வீடு வீடாகப் போயிருக்கிறாள். எத்தனை வீடு என்று நான் கேட்கவில்லை. அதை வெளியே கொண்டுபோகாதே, கசங்கிவிடும் என்றேன். அதுதான் என்னால் சொல்ல முடிந்தது.

அடுத்த நாள் அவள் தூங்கும்போது உறையிலிருந்து அந்தத் தாளை எடுத்துவிட்டு, நானே எழுதிய வேறொரு கடிதத்தை வைத்தேன். நேர்மையானவள், பதினோரு வருடம் உழைத்தவள் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதி, சாரின் கையெழுத்தைப் போட்டிருந்தேன். படிக்கத் தெரியாதவள்தானே, கண்டுபிடிக்க மாட்டாள் என்று நினைத்தேன். காலையில் உறையை எடுத்ததும் அம்மா நிறுத்தினாள். "இதுல என் கை இல்லையே." எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும், தன் விரல் எங்கே விழுந்தது, கார்பனின் நீலம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பழைய தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் மாற்றினாய் என்று கேட்டாள். பழசு கசங்கிவிட்டது என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

நேராகக் காக்ஸ் டவுனில் ஒரு டீச்சர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஏற்கெனவே தாளைப் படித்துவிட்டு வேலை இல்லை என்று சொன்ன வீடு அது. வேலை வேண்டாம் டீச்சர், இதில் எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால் போதும் என்று கேட்டிருக்கிறாள். டீச்சர் வரிவரியாகச் சொல்லியிருக்கிறார். ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பியிருக்கிறார். வேலை அப்போதும் கொடுக்கவில்லை.

அம்மா திரும்பி வந்தபோது மதியம். எனக்குப் பொம்மசந்திராவிலிருந்து வேலை உத்தரவு வந்திருந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தன் தாளை அதன்மேல் வைத்தாள். "இதுல என் பேரு எது?" என்றாள். விரலை வைத்துக் காட்டினேன். "திருடின்னு எழுதியிருக்கறது எது?" அதையும் காட்டினேன். இரண்டு சொற்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"ரெண்டையும் ஒரே மாதிரி அழகாத்தான் எழுதியிருக்க."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய் சோற்றை வடித்தாள். எனக்குப் போட்டாள், நான் சாப்பிட்டேன். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். அம்மா சிவாஜிநகரில் ஒரு கறிக்கடையில் தரை கழுவும் வேலைக்குப் போனாள். அங்கே யாரும் காகிதம் கேட்கவில்லை.

நாலைந்து வருடம் கழித்து சார் இறந்துபோனார். கட்டிகளை விற்கவேண்டும், அட்டை எழுதியவர் வந்தால் உதவியாக இருக்கும் என்று அவருடைய தம்பி மகன் ஆபீசுக்குப் போன் செய்தார். போனேன். வெள்ளிக் கடைக்காரர் ஒவ்வொரு கட்டியாக அரத்தால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார். முப்பத்தொன்றில் பத்தொன்பது செம்பு. தேய்க்கத் தேய்க்கச் சிவந்ததாக அம்மா சொன்ன நாலு போக இன்னும் பதினைந்து. இத்தனை வருடம் கழித்து அவள் சொன்னது உண்மை என்று ஒரு கடைக்காரரின் மேசையில் நிரூபணமாகிக் கிடந்தது. தம்பி மகன் கையில் சாரின் பழைய கோப்பு இருந்தது. சங்கத்திலிருந்து சார் திரும்ப வாங்கி வைத்திருந்த, என் கையெழுத்தில் இருந்த கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நாலுன்னு எழுதியிருக்காரு பாவம். பலே கைகாரி போல அந்த வேலைக்காரி, பாதிக்கு மேல அடிச்சிட்டா. நீங்க பார்த்திருப்பீங்களே அவளை?"

பார்த்திருக்கிறேன் என்றேன். டாக்சி வைத்து அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது நான் கணக்குப் பிரிவில் மேலாளர். அப்பா இல்லை. அம்மா என்னோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். எனக்குப் பிடித்ததைச் சமைக்கிறாள், காய்ச்சல் என்றால் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்து வீட்டாரிடம் என்னைப் பற்றிப் பெருமையாகவே பேசுகிறாள். ஆனால் அவள் பெயருக்கு ஒரு தபால் வந்தால் என்னிடம் தரமாட்டாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அவள் தபாலை முந்தானையில் செருகிக்கொண்டு லிப்டில் இறங்கி வாட்ச்மேனிடம் போவாள். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள், எட்டாவது வரை படித்தவர். அவர் எழுத்துக்கூட்டி விரல் வைத்துப் படிப்பதையும், அம்மா குனிந்து கேட்பதையும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் ரேஷன் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேசையில் கிடந்ததை அவள் எடுப்பதற்கு முன்பே நான் படித்துவிட்டிருந்தேன். வரவேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. வாட்ச்மேன் வியாழன் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைம்மா என்று இரண்டு முறை சொன்னேன். கேட்டுக்கொண்டாள், தலையை ஆட்டினாள். வியாழக்கிழமை காலையிலேயே போய், வெயிலில் மூன்று மணிநேரம் வரிசையில் நின்று, திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். கால் வீங்கியிருந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, இனிமேலாவது என்னிடம் கொடும்மா, அவர் தப்பாகப் படிக்கிறார் என்றேன்.

அம்மா காலை வெந்நீரில் வைத்தாள். கோபமே இல்லாமல், ஆறுதல் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"அவன் தெரியாம தப்பாப் படிக்கறான் பாப்பா. பரவால்ல."